மானியம் யார் கைக்கு?

மானியம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கின்றனர். அது யார் கையில் சேர்கிறது என்று கேட்போர் சிலரே. பருத்தியால் பிழைக்கும் நம் அங்கத்தினர்கள், அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்துப் பாயின்செட் மாவட்டத்தில் நடந்ததை அறிந்திருத்தல் நலம்.

1933-இல் பருத்தி விலை மிகவும் தாழ்ந்து கிடந்தது. விளைவைக் குறைத்து விலையை உயர்த்த எண்ணிய அந்நாட்டு அரசாங்கம், சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழிக்கச் செய்து ஈட்டுத்தொகை வழங்கிற்று. விலை ஏறியது மெய்தான். ஆனால் பணம் நிலச்சொந்தக்காரர் கைக்கே போயிற்று. வாரதாரரின் பங்கை அவர் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு, பலர் கொடுக்கவில்லை. சாகுபடி குறைந்தபின் ஆள் எதற்கென்று குடும்பங்களையே வெளியேற்றினர். குடிகளை ‘இயன்றவரை’ வைத்துக்கொள்ளவேண்டும் என்று பின்னர் ஒப்பந்தத்தில் எழுதினர். ஏடுகளைத் தணிக்கை செய்யும் நமக்கு அச்சொல்லின் பெறுமானம் தெரியும்! 1934 ஜூலையில், அம்மாவட்டத்து டைரான்சா என்னும் சிற்றூரில் வெள்ளையர் 11 பேரும் கறுப்பர் 7 பேரும் கூடித் தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தை நிறுவினர். நிறபேதம் கோலோச்சிய அப்பகுதியில் அஃது எளிய செயலன்று.

நம் நாட்டில் 2019-இல் வந்த பிரதமர் கிசான் திட்டத்தின் ஆண்டுத்தொகை 6,000 ரூபாயும் நிலமுடைய குடும்பங்களுக்கே உரியது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவருக்கு அதில் பங்கில்லை. தமிழகத்தில் 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருந்தும், வாய்ச்சொல் குத்தகையே பல ஊர்களில் நடக்கிறது. நம் சங்கங்கள் பயிர்க்கடன் பதிவேட்டில் பட்டாதாரர் பெயருக்கருகே உழுபவர் பெயரையும் எழுதத் தொடங்கலாம். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம்.