பக்கத்துத் தோட்டத்தில் அனுமதியில்லாத கொண்டாட்டம்: புகாரை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

சிறுமலையில் மூன்று ஏக்கரில் காபி, மிளகு, மலைவாழை வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவரது தோட்டத்தை ஒட்டிய இடத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார். சனி, ஞாயிறுகளில் அங்கே நூறு, நூற்றைம்பது பேர் கூடுகிறார்கள். நள்ளிரவு வரை ஒலிபெருக்கி பாடுகிறது; விறகைக் குவித்துத் தீ மூட்டுகிறார்கள்; விடிந்தால் வேலியோரம் பாட்டிலும் பிளாஸ்டிக் தட்டும் கிடக்கின்றன. நேரில் சொல்லியும் பயனில்லை. புகார் கொடுக்கலாம் என்றால், வாசகரின் தோட்டத்துக்குப் போகும் பாதை அந்த இடத்தின் வழியாகத்தான் போகிறது. ஊர்க்காரர் சிலர் அங்கே கூலிக்கும் போகிறார்கள். பகை வந்து பாதை அடைபட்டால் வாழைத்தாரை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் அவருடைய பயம்.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பேசாமல் இருப்பதில் அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது.

தீ வேலியோடு நிற்காது

மாசி, பங்குனியில் மலைச்சரிவில் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். அப்போது ஒரு பொறி போதும். பக்கத்துத் தேனி மாவட்டத்தில், குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலையேறப் போனவர்கள் உரிய அனுமதி இல்லாத வழியில் சென்று காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். யார், எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாமல் போனால் தீ வரும்போது காப்பாற்றவும் வழி இருக்காது. அனுமதி என்பது வெறும் காகிதம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

காபிச்செடி ஒருமுறை கருகினால் திரும்ப நட்டுப் பலன் பார்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். நிழல்மரமும் அதில் ஏறிய மிளகுக்கொடியும் போனால் இன்னும் கூடுதல் காலம். காட்டுமாடு நடமாடும் மலையில் இரவுச் சத்தமும் வெடியும் விலங்குகளை மிரட்டித் தோட்டங்களுக்குள் விரட்டவும் கூடும்.

எந்த மீறலுக்கு எந்த அலுவலகம்?

எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதி ஒரே இடத்தில் கொடுப்பதுதான் பலரும் செய்வது. அந்த மனு மேசை மேசையாகச் சுற்றி வரும். மீறலைப் பிரித்து எழுதினால் ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சத்தம்: ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ன்படி, ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் வைக்கவே கூடாது. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். சத்தம் கேட்கும்போதே 100 அல்லது 112-க்குப் பேச வேண்டும். மறுநாள் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும்.

தீ: காப்புக்காட்டுக்கு ஆபத்து உண்டாகும்படி தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன் கீழ் குற்றம். புகார் வனச்சரகர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தீ பரவிவிட்டால் முதலில் தீயணைப்புத் துறையை 101-ல் அழைக்க வேண்டும்.

கூட்டமும் குப்பையும்: உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டினால், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும். திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இது எழுதப்பட்டிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, குவளைக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. இந்தப் புகாரை ஊராட்சிச் செயலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் கொடுக்க வேண்டும்.

கட்டடம்: தங்கும் விடுதியாக நடத்தினால் கட்டட அனுமதி இருக்கிறதா என்பதை ஊராட்சியிலும் நகர் ஊரமைப்புத் துறையிலும் கேட்கலாம்.

அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்

அனுமதி இல்லை என்று ஊகத்தில் எழுதக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், அந்த சர்வே எண்ணில் எந்தத் தேதியில் என்ன அனுமதி கொடுக்கப்பட்டது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அனுமதி ஏதும் இல்லை என்று பதில் வந்தால் அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. அனுமதி உண்டு என்று வந்தால் அதன் நிபந்தனைகளின் நகலைக் கேட்டு வாங்கி, எது மீறப்பட்டது என்று எழுதலாம். ஆனால் தீயும் நள்ளிரவுச் சத்தமும் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல.

மனுவில் என்ன இருக்க வேண்டும்?

தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, கிராமம், சர்வே எண், கண்ணால் கண்டது, அதனால் தோட்டத்துக்கு நேர்ந்தது, கேட்கும் நடவடிக்கை. இவ்வளவு போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அந்த ஆள் எப்படிப்பட்டவர், அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் வேண்டாத எழுத்து. தேதி தெரியும் போட்டோவை இணைக்கலாம். அடுத்தவர் வேலிக்குள் நுழைந்து படம் எடுக்கக் கூடாது. தன் நிலத்தில் நின்று எடுத்தால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். இல்லையென்றால் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பலாம்.

பதில் வராவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து எண் வாங்கலாம். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-ல் பேசலாம்.

பகைக்கும் பாதைக்கும் வழி

தனி ஆளாகப் போவதைவிட, அதே சத்தத்தில் தூங்காமல் கிடக்கும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுவது நல்லது. அதைவிட நல்லது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு முறை அது கூடுகிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, கோடையில் திறந்தவெளியில் தீ கூடாது என்று தீர்மானம் வந்தால் அது ஊரின் பேச்சாகிவிடும். ஒருவர் மேல் பழி விழாது. கூலிக்குப் போகிறவர்களின் பிழைப்பும் கெடாது. விதிப்படி நடக்கும் விடுதிக்கும் ஆள் வேண்டுமே.

பாதையைப் பற்றிய பயத்தைப் புகாருக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் நில அளவையரிடமும் புலப்படத்தைப் பார்த்து, பாதை அதில் இருக்கிறதா என்று உறுதி செய்யலாம். படத்தில் இல்லாவிட்டாலும், 20 வருடம் தடையில்லாமல் உரிமையோடு பயன்படுத்திய வழிக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இதற்கு ஆலோசனை கேட்கலாம்.

இடைக்காலத்தில் தை முடிவதற்குள் எல்லையோரச் சருகை வாரி, பத்தடி அகலத்துக்குச் செதுக்கி வைத்துவிட வேண்டும். பயிர் எரிந்துவிட்டால் அன்றே போட்டோ எடுத்து, தீயணைப்பு நிலையச் சான்றும் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும் வாங்கி வைக்க வேண்டும். அடங்கலில் பயிர்ப் பதிவு சரியாக இருந்தால்தான் நஷ்டம் கேட்க முடியும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஊர்த் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் கட்டும் ஒலிபெருக்கிக்கும் இதே விதிதான். புகார் கொடுக்கும் ஊர் தன் திருவிழாவுக்கு அனுமதி வாங்கி, பத்து மணிக்கு நிறுத்தினால் அதன் மனுவுக்கு எடை கூடும்.