ஏணியா? கோட்டையா?



மாநாட்டுப் பந்தலிலே கொள்கை முழக்கம் கேட்டுக் கையொலி எழுப்புவது எளிது. அக்கொள்கை வெல்ல எவ்வழி நடப்பது என்று செயற்குழுவிலே அமர்ந்து முடிவெடுப்பதுதான் கடினம். பெரிய கட்சி வழி தவறினாலும் திரும்பி வர அவகாசமுண்டு. சிறிய கட்சிக்கு அது வாழ்வா சாவா என்னும் பிரச்சினை!

பிரிட்டனில் 1993ஆம் ஆண்டு ஐக்கிய ராஜ்ய சுதந்திரக் கட்சி தோன்றிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் வெளியேற வேண்டும் என்பது அதன் குறிக்கோள். அது சரியா, தவறா என்பதன்று இன்றைய பேச்சு. அதை அடைய அக்கட்சிக்குள்ளே நிகழ்ந்த வாதங்களையே உங்கள் முன் வைக்கிறேன்.

வேண்டாம் என்று சொல்லும் மன்றத்துக்குள்ளே நுழையலாமா? இது முதல் வாதம். கட்சியை நிறுவிய வரலாற்றாசிரியர் ஆலன் ஸ்கெட், கூடாது என்றார். ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் வென்றாலும் அங்கே அமரலாகாது என்பது அவர் நிலை. பதவியின் சுவை கொள்கையை அரித்துவிடும் என்ற அச்சம் அதன் அடிப்படை. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அமர மறுக்கும் அயர்லாந்தின் சின் பெயின் கட்சி அவ்வழிக்குச் சான்று. மறுதரப்போ, மேடை எங்கே கிடைத்தாலும் ஏறு என்றது. 1997இல் ஸ்கெட் விலகினார். 1999இல் விகிதாசார முறையில் தேர்தல் நடந்தது. கட்சியின் மூவர் வென்றனர், சென்று அமர்ந்தனர். அம்மூவருள் ஒருவர் நைஜல் பராஜ். 2004இல் 12 இடங்கள். 2014இல் 24 இடங்கள், நாட்டிலேயே முதலிடம்! வெறுத்த மன்றமே வளர்த்த மேடையாயிற்று.

இரண்டாவது வாதம் இன்னும் கசப்பானது. நம் கொள்கையை ஒத்த ஒருவர் மாற்றுக் கட்சியில் நின்றால், அவரை எதிர்ப்பதா, வழிவிடுவதா? கன்சர்வேடிவ் கட்சியையே வீழ்த்த வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு மாநாட்டில் முழங்கினார் கில்ராய்-சில்க். மறு ஆண்டே வெளியேறித் தனிக்கட்சி கண்டார். 2010இல் தலைமையேற்றிருந்த பியர்சன் பிரபுவோ, ஒத்த கருத்துடைய பிறகட்சி வேட்பாளர்களுக்கு வாக்குக் கேட்டார்!

தொண்டன் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 2005இல் மெட்வே தொகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்க்கும் கன்சர்வேடிவ் வேட்பாளர் மார்க் ரெக்லஸ் 213 வாக்குகளில் தோற்றார். சுதந்திரக் கட்சி பெற்ற வாக்குகள் அதனினும் அதிகம். 2010இல் ராச்செஸ்டர்-ஸ்ட்ரூட் தொகுதியில் அவர் நின்றபோது கட்சி ஒதுங்கியது, அவர் வென்றார். 2014இல் அவரே இக்கட்சிக்கு வந்து இடைத்தேர்தலில் வென்றார். எதிர்த்து நில், ஒதுங்கி நில், தோளில் தூக்கு! பத்தாண்டுக்குள் ஒரே மனிதரைக் குறித்து ஒரே தொண்டனுக்கு மூன்று கட்டளைகள்!

பயன் விளையாமலில்லை. இக்கட்சியின் வளர்ச்சியும் தம் கட்சிக்குள் எழுந்த நெருக்கடியும் நெருக்க, 2013இல் பிரதமர் கேமரன் பொதுவாக்கெடுப்புக்கு உறுதியளித்தார். 2015 பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 39 லட்சம் வாக்குகள். கிடைத்ததோ ஒரே ஓர் இடம். ஆயினும் 2016 ஜூன் 23 அன்று 51.9 விழுக்காட்டினர் வெளியேறவே வாக்களித்தனர். ஓரிடம் பெற்ற கட்சியின் கொள்கை நாட்டின் முடிவாயிற்று!

அதன் பின்? 2017 தேர்தலில் 1.8 விழுக்காடு, இடம் ஏதுமில்லை. 2018இல் பராஜும் விலகினார். கறிவேப்பிலையென ஒதுக்கப்பட்டது கட்சி.

குறிக்கோள் கைகூடிய பின் கட்சி கரைந்தாலென்ன என்பார் உளர். அதில் நியாயமுண்டு. ஏணியாக இருப்பதில் இழிவில்லை. ஏறியபின் ஏணியைச் சாய்த்து வைப்பதும் இயல்பே. ஆனால் சுவரொட்டி ஒட்டியவனிடம், வீடுவீடாக ஏறி இறங்கியவனிடம், “நீ தாங்குவது ஏணி” என்று முன்கூட்டியே உரைத்திருக்க வேண்டாமா? கோட்டை கட்டுகிறோம் என்றெண்ணிக் கல் சுமந்தவனுக்கு யார் பதில் சொல்வது?

நுழைவதா, எதிர்ப்பதா என்ற இரு வினாக்களுக்கு இருபதாண்டுகள் வாதிட்டது அக்கட்சி. வென்றபின் யாது செய்வோம் என்ற மூன்றாவது வினாவுக்கு விடை காணவில்லை. தோல்வியைத் தாங்கிய கட்சி, வெற்றியைத் தாங்க முடியாமல் சரிந்தது.

ஆகவே தோழர்களே, நம் குழுக்கூட்டங்களில் வழிமுறை குறித்து வாதம் எழும்போது முகம் சுளிக்காதீர்கள். வாதிடுங்கள், கட்சி ஏணியா, கோட்டையா என்று தலைமையை நேருக்கு நேர் கேளுங்கள். விடை கிடைத்தபின் தோள் கொடுங்கள்!