மூளையைக் காட்டிக் கூலியைக் குறைப்பதா?

“பெண் புத்தி பின் புத்தி” என்று பேசி வந்தவர்கள் இப்போது விஞ்ஞானத்தையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஆண் மூளை வேறு, பெண் மூளை வேறு; ஆகவே கூலியும் வேறு என்பது அவர்கள் வாதம். அந்த விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது?

கருவில் நரம்பணுக்கள் தேவைக்கு அதிகமாகவே உண்டாகின்றன. வளர்ச்சிக் காரணி எனப்படும் புரதங்கள் கிடைத்த அணுக்கள் பிழைக்கின்றன, கிடைக்காதவை மடிகின்றன. நாற்றங்காலில் தண்ணீர் எட்டிய நாற்று தேறுகிறது, எட்டாதது கருகுகிறது அல்லவா? அதுபோலத்தான்.

இப்புரதங்களில் முதன்முதலாக ஒன்றைக் கண்டறிந்தவர் ஒரு பெண். இத்தாலியைச் சேர்ந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி. யூதர் என்பதற்காக 1938-ல் முசோலினியின் இனச் சட்டங்கள் அவரைச் சர்வகலாசாலையிலிருந்து விரட்டின. அவரோ தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, கோழிக் கருக்களை ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவில் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1986-ல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசு பெற்றார். இதுவா பின் புத்தி?

வேற்றுமையே இல்லையென்று நாம் வாதாடவில்லை. ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா பிஞ்ச் குருவியில் ஆண்தான் பாடும். அதன் மூளையில் பாட்டுக்குரிய பகுதி பெரிது. இளம்பருவத்தில் அங்கே ஒரு வளர்ச்சிக் காரணி பெருகுகிறது. ஆனால், பொரித்த பெண் குஞ்சுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அதன் பாட்டுப் பகுதியும் பெருக்கிறது. பெண்ணுக்குரியது என்று நாம் எண்ணும் சுரப்பு செய்யும் வேலை இது! இயற்கை வகுத்தது வேற்றுமை. உயர்வு தாழ்வு அல்ல.

மனிதரிடமோ அந்த அளவு பிரிவினையும் இல்லை. 1,400-க்கு மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2015-ல் வெளியான முடிவு இது: முழுக்க ஆண் தன்மையோ முழுக்கப் பெண் தன்மையோ கொண்ட மூளைகள் மிகச் சிலவே, பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை.

இன்னொன்றையும் விஞ்ஞானம் சொல்கிறது. ஊட்டம் குறைந்தால் குழந்தையின் உடலில் முக்கியமான ஒரு வளர்ச்சிக் காரணியும் குறைகிறது. ஆண் குழந்தையானாலும் பெண் குழந்தையானாலும் இதுதான் கதி.

சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்தது. ஆயினும் பல வயல்களில் பெண்ணின் கூலி இன்னும் ஆணின் கூலியை எட்டவில்லை. தாயின் கூலியில் கைவைப்பவர்கள் பிள்ளையின் சோற்றிலும் கைவைக்கிறார்கள். பிறகு அவர்களே மூளையைப் பற்றிப் பேசுகிறார்கள்!

தோழர்களே, அடுத்த கூலிப் பேச்சில் யாராவது பெண் புத்தியைப் பற்றி வாய் திறந்தால், இந்த விஞ்ஞானத்தையே அவர்கள் முன் வையுங்கள்.