பற்றை இல்லாத காடு

கனடாவிலிருந்து வந்த மருமகனைப் போன ஞாயிறு காரைநகர் கசூரினா கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். "மாமா, இங்கயும் பைன் மரம் நிக்குது!" என்றான். ஒரு ஊசியைப் பறித்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். மூட்டு மூட்டாகக் கழன்று வந்தது. அது இலையல்ல, பச்சைக் குச்சி. இலை என்பது அந்த மூட்டைச் சுற்றி நிற்கும் பொடிப் பல்லுகள்தான். காய் பைன் கூம்புபோல இருந்தாலும் இது சவுக்கு; பூத்துக் காய்க்கிற சாதி.

பைன் போன்ற ஊசியிலை மரம் எதுவும் இலங்கையில் தானாக முளைத்ததில்லை. 2524 மீற்றர் உயர பிதுருதலாகலையிலும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கிழக்கு இமயத்தில் ஊசியிலை மரங்களுக்குக் கீழே பற்றையாகப் படரும் ரொடொடென்ட்ரன் இனத்தில் ஒன்று எங்கள் மலைநாட்டில் சிவப்பாய்ப் பூக்கிறது. மேல்மாடிக்காரர் வரவில்லை, கீழ்வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

மலைநாட்டுப் பைனஸ் எல்லாம் நட்டவைதான். கரிபியன் பக்கத்து மரம். 70களிலும் 80களிலும் மண் அரித்த சரிவுகளிலும் புல்வெளிகளிலும் வரிசை வரிசையாக வைத்தார்கள். பேராதனையில் படித்த காலத்தில் ஹந்தானை மலையில் அந்தத் தோப்புக்குள் நடந்திருக்கிறேன். கால் வழுக்கும். அவ்வளவு தடிப்பாக ஊசிச் சருகு. குருவிச் சத்தமும் இல்லை, பற்றையும் இல்லை. அந்தச் சருகு சுலபத்தில் உக்காது; கோடையில் ஒரு நெருப்புக்குச்சி போதும், தப்பி முளைத்த கன்றும் கருகிப்போகும்.

ஆனால் பைனஸை மட்டும் திட்டுவது நியாயமில்லை. சிங்கராஜ வனத்தின் ஓரத்திலும் அதை நட்டிருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால், சாவித்திரி குணதிலக்க தம்பதியும் அமெரிக்காவின் மார்க் அஷ்டனும் 90களின் தொடக்கத்தில் அங்கே சில வரிசைகளை வெட்டி எடுத்து, காட்டு மரக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் நன்றாக எழும்பின. மிச்சப் பைனஸ் அளவான நிழல் தந்தது. வெளிச்சம் விழுந்தால் அந்நிய மரமும் செவிலித்தாய் ஆகும்.

அந்த அளவான நிழலைப் பற்றையும் தரும். ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பற்றை என்றாலே ஆகாது. காணியில் நாலு செடி தலைகாட்டினால் கத்தியோடு நிற்போம். "துப்புரவாக்கியாச்சு" என்று பெருமை வேறு. குருவி எச்சத்தோடு வந்த விதை முளைப்பது அந்தப் பற்றை நிழலில்தானே!

வடமராட்சி கிழக்கு மணற்காட்டுச் சவுக்கந்தோப்பிலும் சருகு மெத்தைதான். அதற்குள்ளும் அங்கங்கே வெளிச்சம் விழும் இடத்தில் பற்றை பிடிக்கப் பார்க்கிறது. விறகுக்குப் போகிறவர்களும் சுற்றுலா போகிறவர்களும் அதில் கத்தி வைக்காதீர்கள். மணலில் ஓடும் அடம்பன் கொடியையும் இழுத்துப் போடாதீர்கள்.