மாமரத்து வாண்டா புல்லுருவி அன்று

அரக்கோணம் பக்கத்து மாந்தோப்புகளில் கவாத்துச் செய்யுங்கால், கிளைகளில் தொற்றியிருக்கும் செடிகள் யாவும் புல்லுருவி என்ற ஒரே பெயரால் வெட்டி எறியப்படுகின்றன. இவ்வழக்கத்தில் பாதி நன்மையும் பாதி நஷ்டமும் உண்டென்பது எமது அபிப்பிராயம்.

புல்லுருவி மரத்துக்குச் சத்துருவே. பறவைகளால் கிளையில் ஒட்டப்படும் அதன் பிசுபிசுத்த விதை முளைத்து, பட்டையைத் துளைத்துக் கட்டையினின்று நீரையும் உப்புச் சத்துகளையும் கவர்கிறது. அது பழுக்குமுன், ஒட்டிய இடத்திற்கு அடிமரப் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் கிளையோடு அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுதல் வேண்டும்.

வாண்டா டெஸ்ஸெல்லேட்டா என்னும் ஆர்க்கிட் செடியோ மரத்தில் குடியிருப்பதேயன்றி அதனை உண்பதன்று. அதன் வெண்சாம்பல் நிற வேர்கள் பட்டையின் மேலேயே ஓடும். வேரைச் சூழ்ந்த பஞ்சு போன்ற உறை மழைநீரையும் பனியையும் உறிஞ்சிக்கொள்ளும். இலைத்துளைகள் பெரும்பாலும் இரவிலேயே திறப்பதால் கோடையிலும் ஈரம் வீணாவதில்லை. 1820இல் இச்சாதிக்கு விஞ்ஞானிகள் வழங்கிய வாண்டா என்னும் பெயர், புல்லுருவியையும் குறிக்கும் ஸம்ஸ்கிருதச் சொல்லினின்று வந்தது. பெயரிலேயே பழி ஏறியது போலும்!

சிலர், "விதை ஆயிரக்கணக்கில் இருக்கையில் அழிந்தால் என்ன?" என்பர். தூள் போன்ற அவ்விதையில் முளைக்கு வேண்டிய சேமிப்புணவு இல்லை. தக்க பூஞ்சணம் கூடினாலன்றி இயற்கையில் அது முளைப்பதரிது. 1922இல் லூயிஸ் நட்ஸன் என்பார் சர்க்கரை கலந்த ஊட்டத்தில் பூஞ்சணமின்றி முளைக்கச் செய்தார். எனினும் அது சோதனைச்சாலை வேலை. முளைத்த நாற்று பூப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரு நிமிஷத்தில் சுரண்டியதை ஒரு பருவத்தில் மீட்க இயலாது.

பட்ட கிளையோடு விழுந்த செடியை எறியாது, வேறொரு மரத்தில் காலை வெயிலும் நடுப்பகல் நிழலும் படுமிடத்தில் தென்னங்கயிற்றால் கட்டுக. தொட்டியில் வைப்பின் கரித்துண்டும் ஓட்டுச்சில்லுமே போதும்; மண்ணிட்டால் வேர் அழுகும். காலையில் நீர் தெளித்துக் காற்றோட்டம் விடுக. கட்டங்கட்டமாகக் கோடிட்ட இதழும் ஊதா உதடும் நறுமணமும் உடைய பூ அதற்குக் கைம்மாறு.

தோப்புடையோர் கூலியாளிடம் அரிவாளைக் கொடுக்குமுன் ஒன்றைக் காட்டுவாராக: வேர் பட்டைக்குள் புகுந்திருப்பின் அறுக்க, பட்டைமேல் ஓடியிருப்பின் விடுக.