சொல்லிக்கொண்டு போக விடுங்கள்

பிள்ளை உறங்கும்போதே தாய் புறப்பட்டுப் போய்விட வேண்டும் என்று எமது தோட்டங்களில் பலர் எண்ணுகிறார்கள். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் தாயைத்தான் சொல்கிறோம். "கண்டால் அழும்" என்பார்கள். காலையில் எழும்பிக் காம்பராவெல்லாம் தேடும் பிள்ளை அழாதா? மண்சரிவு எச்சரிக்கையால் வேறிடம் போகும் குடும்பங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். லொறி வரும், சாமான்கள் ஏறும், அடுத்த வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் நேரமிராது. இது சரியல்ல என்பதே எமது எண்ணம்.

பிரிவையே வாழ்வாகக் கொண்ட ஒரு மிஷனரி குடும்பம் இந்நாட்டில் இருந்தது. மைரன் வின்சுலோவும் அவர் மனைவி ஹரியட்டும் அமெரிக்காவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்து உடுவிலில் குடியேறியவர்கள். 1824இல் அங்கே பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். தமது மகன் சார்ல்ஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். கடிதம் வந்து சேரப் பல மாதங்கள் செல்லும் காலம் அது. பிள்ளை 1832இல் அங்கேயே இறந்தான். 1833 ஜனவரியில் தாயும் உடுவிலில் கண்மூடினார். 1862இல் தமிழ் அகராதியை வெளியிட்ட தகப்பனார், இரண்டு வருடங்களுக்குப் பின் தாய்நாடு திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் காலமானார். ஒரே குடும்பத்தில் மூவருக்கு மூன்று நாட்டில் மரணம்!

அவர்கள் தாமாக விரும்பி வந்தவர்கள். எமது மக்களுக்கோ பிரிவை அரசாங்கங்கள் எழுதிக் கொடுத்தன. 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்றாயிற்று. ஊவாத் தோட்டங்களின் சனம் பதுளையிலும் பண்டாரவளையிலும் கோச்சி ஏறியது. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல், அக்கரையில் மண்டபம் முகாம். பிறகு சிலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து கிள்ளினார்கள். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன்.

அந்தக் கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். போகிறவர்கள் லயம் லயமாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு சாப்பிட்டார்கள். கோழியையும் பால்மாட்டையும் யாரிடம் விடுவது என்று பேசி முடித்தார்கள். ஸ்டேசனில் நின்றவர்கள் மாரில் அடித்து அழுதார்கள். அந்த அழுகையை வெட்கமென்று யாரும் எண்ணவில்லை. ஒப்பந்தம் செய்தவர்கள் தந்த மரியாதை அல்ல அது. எமது சனம் தானே தேடிக்கொண்டது.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்தபோது அதற்கும் இடமில்லாமல் போயிற்று. பலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. தப்பியவர்கள் நெடுநாள் முகாமில் இருந்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்குக் கூரையும் சுவரும் கொடுத்தால் போதும் என்று அதிகாரிகள் நினைக்கலாம். நாமும் பல வேளைகளில் அப்படித்தான் நினைத்தோம். எமது பங்குகளில் குருவானவர் மாறிப் போகும்போது மாலை போட்டுப் பிரியாவிடை நடத்துகிறோம். ஐம்பது வருடம் ஒரு லயத்தில் வாழ்ந்த குடும்பம் போகும்போது ஒரு ஜெபமாவது சொன்னோமா?

ஆகவே, வீட்டுப் பட்டியல் போடுகிறவர்களிடம் நாம் கேட்பது இதுதான். திருவுளச் சீட்டுப் போட்டு ஒரு லயத்தாரைச் சிதறடிக்க வேண்டாம். பழைய அயலவர் புதிய இடத்திலும் அயலவராக இருக்கட்டும். லொறி வரும் நாளை ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். கோயிலுக்கும் கல்லறைக்கும் போய்வர ஒரு நாள் கொடுங்கள். பாடசாலை மாறும் பிள்ளை தன் வகுப்பில் எழுந்து நின்று சொல்லிக்கொண்டு போகட்டும்.

வெளிநாடு போகும் தாய்மாரே, பிள்ளையை எழுப்புங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை பொங்கல் கழித்து வருவீர்கள் என்று அதன் முகம் பார்த்துச் சொல்லுங்கள். அழட்டும். பக்கத்தில் அம்மாயி இருக்கிறாள் அல்லவா, அவள் தூக்கிக்கொள்வாள்.