கிறவல் வீதியில் ஒரு பகல்

திருகோணமலை மாவட்டத்தாரின் பேச்சிலே 'பாதை' என்னுஞ் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நடந்து செல்லும் வழியும் பாதை. களப்பையும் ஆற்றையும் கடப்பதற்கு மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையும் பாதை. "பாதை போய்விட்டது, இனி அடுத்த பாதைக்குத்தான் போகவேண்டும்" என்று இவ்வூரார் ஒருவர் சொல்வாராயின், வெளியூரிலிருந்து வந்தவர் திகைத்து நிற்பார். குடாக்களும் கழிமுகங்களும் களப்புகளும் நிலத்தோடு கைகோத்துக் கிடக்கும் மாவட்டம் இது. இங்கே பிரயாணம் என்பது பாதி மண்ணிலும் பாதி நீரிலும் நடந்த காலம் நெடியது.

இந்தப் பீடிகைக்குக் காரணம் மாணவ நேயர் ஒருவர் எழுதிய கடிதம். "விடுமுறை நாளொன்றில் துவிச்சக்கர வண்டியில் தனியே சுற்றிவர ஏற்ற வழி ஒன்று கூறுங்கள். தார் வீதி வேண்டாம், பஸ்களின் ஆரவாரம் தாங்க முடியவில்லை" என்று கேட்டிருந்தார். அதே கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில், "தனியே அனுப்பலாமா என்பதையும் எழுதவும்" என்று ஒரு வரி. அது தந்தையாருடையதாக இருத்தல் வேண்டும். மகனுக்கும் தந்தைக்கும் ஒருங்கே விடை கூறவேண்டிய பொறுப்பு நேர்ந்தபடியால், ஏட்டறிவை நம்பாமல், ஆனி மாதத்து ஞாயிறொன்றில் நானே வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

நம் பகுதியில் சைக்கிளோட்டத்தை நிர்ணயிப்பது வீதியன்று, காற்றே. வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, விடியற்காலையில் உறங்கிக் கிடக்கும். பத்து மணியளவில் விழித்துக்கொள்ளும். நண்பகலுக்குப் பின் புழுதியை வாரி முகத்தில் எறியும். ஆகவே பட்டினத்திலிருந்து புறப்படுவோர் காற்று உறங்கும் வேளையிலேயே தென்மேற்கு நோக்கிச் சென்றுவிட வேண்டும். பிற்பகலில் திரும்பும்போது அதே காற்று முதுகிலே கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். இந்தக் கணக்கை மாற்றிப் போடுகிறவர்களுக்கு ஒரு மைல் இரண்டு மைலாகும்.

ஐந்து மணிக்குக் கண்டி வீதியில் ஏறினேன். இவ்வீதியோரத்து ஊர்களை முதியோர் இன்னும் மைற்கல்லின் இலக்கத்தாலேயே, இத்தனையாங் கட்டை, அத்தனையாங் கட்டை என்று அழைக்கின்றனர். கிலோமீற்றர் வந்து பல ஆண்டுகளாகியும் கட்டை போகவில்லை. சீனக்குடாவை அடையும்போது கிழக்கு வெளுத்திருந்தது. பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் அப்பகுதியிற் காட்டுக்குள்ளே நிற்கின்றன. 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது இப்பகுதியும் தப்பவில்லை. தாங்கிகளைப் பற்றி எழுதுவதானால் தனியே ஒரு வாரம் வேண்டும். இன்றைக்கு நம் வழி வேறு.

வீதியோடு சற்றுத் தூரம் புகைவண்டிப் பாதையும் கூடவே வருகிறது. கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு 1927 இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை அது. பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் சென்றதும் தம்பலகாமம் வருகிறது. அங்கேதான் தார் வீதியை விட்டு இறங்கினேன்.

கிறவல் என்பது ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்து நம் வாயில் தமிழாகிவிட்ட சொல். அகராதியிற் சரளை என்று காண்கிறோம். ஆயினும் தம்பலகாமத்து விவசாயியிடம் சரளை வீதி எங்கே என்று கேட்டால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். செம்மண்ணும் சிறு கற்களும் கலந்த இந்த மண்ணைக் குழிகளில் வெட்டியெடுத்துப் பரப்பி, உருளையிட்டு இறுக்கி வீதியாக்குகிறார்கள். புதிதாகப் பரப்பிய கிறவல் சைக்கிளுக்குப் பகை, சக்கரம் புதையும். ஒரு மழையும் ஒரு வெயிலும் கண்டு இறுகிய கிறவலோ, தார் வீதியைவிட இனிது. அதன்மேல் ரயர் ஓடும்போது எழும் மெல்லிய நறநறப்பு ஒன்றுண்டு. காலை வேளையில் அதைவிட நல்ல துணை தனிவழிப் பிரயாணிக்கு வேண்டியதில்லை.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய புதுமை ஒன்று இவ்வீதிகளில் இருக்கிறது. சில இடங்களில், தகரக் கூரையின் மேடுபள்ளம்போல, வீதிக்குக் குறுக்கே வரிவரியாக அலைகள் எழுந்திருக்கும். அவற்றின்மேல் ஏறினால் வண்டியோடு பல்லும் சேர்ந்து ஆடும். இவ்வலைகளை யாரும் வெட்டவில்லை. ஓடும் சக்கரங்களே உண்டாக்குகின்றன. கேம்பிரிட்ஜ், தொரன்ரோப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பௌதிக அறிஞர்கள் மணலை வட்டமாகப் பரப்பி அதன்மேற் சக்கரம் ஒன்றை ஓடவிட்டுச் செய்த ஆய்வை 2007 இல் வெளியிட்டனர். சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓடும்வரை மணல் சமமாகவே இருக்கிறது. அவ்வெல்லையைத் தாண்டியதும் சக்கரம் சிறு மேடொன்றில் ஏறித் துள்ளி விழுகிறது, விழுந்த இடம் பள்ளமாகிறது, அடுத்த துள்ளல் அதை வளர்க்கிறது. எனவே, மாட்டுவண்டி நடந்த காலத்தில் வீதியில் நெடுகத் தடம் விழுந்ததேயன்றி, இந்தக் குறுக்கலைகள் பெருகியிருக்க முடியாது என்று எண்ணுகிறேன். வேகத்தின் கையெழுத்து அது.

வண்டியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. இதற்கென்று பெரும் விலை கொடுத்து வண்டி வாங்கவேண்டிய அவசியமில்லை. பாடசாலைக்குக் கொண்டுபோகும் வண்டியே போதும். தார் வீதியைவிடக் கிறவலில் ரயரின் காற்றைச் சிறிது குறைத்துக்கொண்டால் கல்லின் உதைப்புக் குறையும். இறக்கத்தில் முன் பிறேக்கை இறுகப் பிடித்தல் ஆபத்து. முன்சக்கரம் வழுக்கினால் மனிதன் விழுவது நிச்சயம். விடத்தல் முள் ரியூபைத் துளைக்கும். ஒட்டுத்துண்டும் பசையும் காற்றடிக்கும் பம்மும் இல்லாமற் போகிறவர் வண்டியை உருட்டிக்கொண்டு வருவதற்குத் தயாராக இருத்தல் வேண்டும்.

வாய்க்காற் கரையோரமாகச் செல்லும் வீதியிற் சிறுபோக வயல்கள் இருபுறமும் பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தன. வானம் பொய்த்துப் பூமி வெடித்திருக்கும் இம்மாதங்களில் இந்தப் பசுமைக்குக் காரணம் கந்தளாய்க் குளம். அக்குளத்தைக் குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிற் பணிக்காகக் கட்டுவித்தான் என்பது கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்களால் நாம் அறிந்த மரபு. வரலாற்றாசிரியர் சிலர் அதனை ஏழாம் நூற்றாண்டு அரசன் இரண்டாம் அக்கபோதிக்கு உரியதாக்குவர். யார் கட்டியதாயினும், நூற்றாண்டுகள் கழித்தும் அந்தத் தண்ணீரே இவ்வூரின் சோறு. அந்த நீரே ஊரை அழித்ததும் உண்டு. 1986 ஏப்பிரல் 20 ஆந் திகதி, ஊர் உறங்கிக் கொண்டிருந்த பின்னிரவில் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டு ஓரங்களில் வாழும் முதியோர், மழைக்காலத்தில் வாய்க்கால் இரைவதைக் கேட்டால் இன்றும் எழுந்து உட்காருவதாகச் சொல்கின்றனர்.

வெயில் ஏறியதும் ஆதிகோணநாயகர் ஆலயத்து நிழலில் தங்கினேன். 1624 இல் போர்த்துக்கேயர் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்தபோது, அடியார்கள் மறைத்துக் காத்த மூர்த்தி பின்னர் இங்கே எழுந்தருளியது என்பது வழிவழியாக வரும் செய்தி. கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் உண்டு, உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரைக் குடித்தேன். வழியில் வாங்கிய பாலைப்பழம் ஒரு பொட்டலம் இருந்தது. அதன் இனிமையை அறியாதவர் அறியமாட்டார். ஆனால் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் பேச்சை மந்தப்படுத்தும். தனியே செல்பவனுக்கு அதனால் நட்டமில்லை.

மீண்டும் வயல்வழியே செல்லும்போது, மதகொன்றின்மேல் அமர்ந்து தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவரைக் கண்டேன். எழுபதைக் கடந்த வயது. "ஐயா, உங்கள் வீதி மிக அழகாக இருக்கிறது, இதைத் தாரிட்டுக் கெடுத்துவிடாமல் இருக்கவேண்டும்" என்று உபசாரமாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தம்பி, நீங்கள் ஆனியில் வருகிறவர். மார்கழியில் வந்து பாருங்கள்" என்றார். பின்பு தம் மருமகளுக்குப் பிரசவ வேதனை கண்ட ஓர் இரவைப் பற்றிக் கூறினார். அடைமழை. வீதி முழுவதும் சேறு. உழவு இயந்திரத்தின் பெட்டியிற் பாயை விரித்து ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், இந்த மதகுக்கு அப்பால் சில்லுப் புதைந்துவிட்டது. நான்கு ஆண்கள் ஒரு நாற்காலியில் அவளை இருத்தித் தூக்கிக்கொண்டு, முழங்காற் சேற்றிற் பெரிய வீதிவரை நடந்தார்களாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "அந்தப் பொடியன் இப்போது இந்த வழியாலேதான் சைக்கிளிற் பள்ளிக்கூடம் போகிறான். உங்களுக்குக் கிறவல் விளையாட்டு, எங்களுக்கு அது நாலு மாதச் சிறை" என்றார்.

இதற்கு மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. கிறவலிற் சைக்கிளோடுவதை விரும்பும் நம்மனோர், அது யாருடைய வீதி என்பதை முதலிற் கேட்டுக்கொள்வது நல்லது. என் முடிவு இதுதான்: பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லும் வழி எதுவோ, அது தாராகவோ கொங்கிறீற்றாகவோ ஆகிவிட வேண்டும், சைக்கிளோட்டக்காரர் அதற்காகக் கண்ணீர் விடத் தேவையில்லை. குளக்கட்டும் வாய்க்காற் கரையும் கிறவலாகவே கிடக்கட்டும். அங்கே மாட்டுக்கும் மயிலுக்கும் நமக்கும் இடம் போதும்.

பெரியவர் விடைகொடுக்கையில் இன்னொன்றுஞ் சொன்னார்: "நாலு மணிக்குமேல் இந்தப் பக்கம் நிற்கவேண்டாம்." எதிரேயிருந்த மரத்திற் காவற்பரணைக் காட்டினார். கதிர் முற்றும் காலத்தில் யானைகள் பொழுதுபடும்போதே வந்துவிடுமாம். யானை வெடிக்கும் அவை பழகிவிட்டனவாம். தந்தையாரின் கேள்விக்கு விடையின் முதற்பகுதி இதுவே. தனியே அனுப்பலாம், விடியலில் அனுப்பி மூன்று மணிக்குள் பெரிய வீதிக்கு ஏறிவிடச் சொல்லும் நிபந்தனையுடன்.

சொன்னபடியே மூன்று மணிக்குமுன் கண்டி வீதிக்கு வந்தேன். கச்சான் முதுகில் அடித்தது. கால் மிதிக்காமலே வண்டி ஓடிற்று. பொழுது மீதியிருந்தமையால் சீனக்குடாவிற் பிரிந்து, வெள்ளைமணல் வழியாகக் கிண்ணியாப் பாலத்துக்குச் சென்றேன். 2009 ஒக்டோபரிற் திறக்கப்பட்ட இப்பாலம் 396 மீற்றர் நீளமானது. அதற்கு முன்னர் இங்கே பாதைதான். வண்டிகளும் மனிதரும் காத்திருந்து, ஏறி, இறங்கிச் சென்றனர். சைக்கிளிற் கடக்க எனக்கு இரண்டு நிமிடம் போதுமானதாயிருந்தது. நடுவில் நின்று ஒருபுறம் தம்பலகாமக் களப்பையும் மறுபுறம் கொட்டியாரக் குடாவை நோக்கி விரியும் நீரையும் பார்ப்பது தனி இன்பம்.

ஆனால் இப்பாலத்தின் புகழைப் பாடி நிறுத்திவிட மனம் வரவில்லை. கிண்ணியாவிலேயே குறிஞ்சாக்கேணி என்று ஓரிடம் உண்டு. அங்கே புதிய பாலம் கட்டும் வேலை நடந்த காலத்தில், மக்கள் மீண்டும் மிதப்புப் பாதையை நம்பவேண்டியதாயிற்று. 2021 நவம்பர் 23 ஆந் திகதி காலை, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற அந்தப் பாதை கவிழ்ந்தது. சிறுவர் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். அகலத்தால் அது பெரிய நீரன்று. கரையில் நிற்பவர் மறுகரையாரைக் கூப்பிட்டுப் பேசலாம். மதகின்மேல் இருந்த முதியவரின் வார்த்தையை அவ்விடத்தில் நின்றபோது மறுபடியும் எண்ணினேன்.

தந்தையாருக்கு விடையின் மறுபகுதி. பிள்ளை போகும் வழியை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துச் செல்லட்டும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதட்டும். கைத்தொலைபேசி இருப்பினும் தாள் வேண்டும்; தொலைபேசியின் மின் தீர்ந்துவிடும், தாள் தீராது. குறைந்தது மூன்று லீற்றர் தண்ணீர். தலைக்குத் துணி. பாழடைந்த ஒற்றையடிப் பாதைகளில் இறங்குதல் கூடாது. சனம் நடமாடும் வீதியே போதும். வழி தெரியாவிட்டால் கடைத்தெருவில் உள்ள பெரியவர்களைக் கேட்கவேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இந்த வழியில், சைக்கிளில் வந்தவனுக்குத் தண்ணீர் கொடாத வீடு ஒன்றையும் நான் காணவில்லை.

கிண்ணியாவில் எருமைத் தயிர் வாங்காமல் திரும்புதல் முறையன்று. ஒரு சட்டியைச் சாக்கிற் சுற்றி, சைக்கிளின் பின் கரியரில் ரியூப் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டேன். தார் வீதியாகையால் அது உடையாமல் வீடு வந்து சேர்ந்தது.